மரம் அறுக்கும் மெஷின் வாடகைக்கு எடுக்க வருகிறவர்களுக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. செயின் சா, நாலு இஞ்ச் கிரைண்டர், டிரில், கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். கடை போடுவதற்கு முன் பதினெட்டு வருஷம் மரம் அறுத்தவன். என் அப்பா காலத்தில் குழி தோண்டி, ஒருவர் மேலே ஒருவர் கீழே நின்று வாள் இழுத்தார்கள். கீழே நிற்பவர் கண்ணில் மரத்தூள் கொட்டும். அதைத் தவிர அந்த வாள் யார் முகத்தையும் தேடிக்கொண்டு வந்ததில்லை. இந்தச் செயின் சா மெஷின் வரும்.

அதனால் புதிதாக எடுக்க வருகிறவர்களிடம் ஐந்து நிமிடம் பேசாமல் கொடுப்பதில்லை. அவர்களுக்கோ வெளியே டெம்போ ஓடிக்கொண்டிருக்கும், தோப்பில் ஆள் காத்திருக்கும். “சரிண்ணா, சரிண்ணா, எல்லாம் தெரியும்ணா” என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு பாதிப் பேச்சில் நடந்துவிடுவார்கள். “நீ சொல்றதை எழுதி வச்சிடுப்பா, ராத்திரி படுத்துக்கிட்டாவது படிக்கட்டும்” என்றாள் மகள். அதுதான் இது.

திரும்பி வருகிற மெஷினைப் பார்த்தால் போதும், ஓட்டினவர் எப்படி ஓட்டினார் என்று சொல்லிவிடலாம். செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டைப் பார் என்போம். அந்தப் பாரின் அடி விளிம்பு நீலம் பாய்ந்து கருகியிருந்தால் மழுங்கிய செயினை வைத்து அழுத்தி அழுத்தி அறுத்திருக்கிறார். பல் முழுக்க வட்டமாகத் தேய்ந்திருந்தால் கட்டையோடு சேர்த்து மண்ணையும் அறுத்திருக்கிறார். முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற மட்டை உடைந்திருந்தால் ஒன்றும் கேட்கமாட்டேன், முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

அந்த மட்டைதான் செயின் பிரேக். முன்னால் தள்ளினால் செயின் நிற்கும், உங்கள் பக்கம் இழுத்தால் விடும். அது எதற்கு என்று தெரிய, பாரின் நுனியைப் பாருங்கள். வட்டமான அந்த நுனியில் மேல் பாதி இருக்கிறதே, அது எதிலாவது முட்டினால் பல் மரத்தைக் கடித்து மாட்டிக்கொள்ளும். செயின் ஓட வழியில்லாமல் அந்த வேகம் முழுக்கப் பாருக்குத் திரும்பும். பார் மேல்நோக்கி எகிறி, பின்பக்கமாக, உங்கள் கழுத்தைப் பார்த்து வரும். நீங்கள் கையை எடுப்பதற்குள், ஏன், ஐயோ என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும். என் இடது தாடையில் ஒரு கோடு இருக்கிறது, தாடி வளர்த்து மறைத்திருக்கிறேன். தென்னங்கட்டை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் இன்னொரு கட்டை கிடந்ததைப் பார்க்கவில்லை. நுனி அதில் முட்டியது, அவ்வளவுதான். மெஷின் எகிறியபோது என் இடது மணிக்கட்டு மட்டையில் பட்டு பிரேக் விழுந்தது. செயின் நின்ற பிறகுதான் பல் தாடையில் பட்டது. ஓடிக்கொண்டிருந்த பல்லாக இருந்தால் இதை எழுத நான் இல்லை.

ஆகவே நுனி எங்கே இருக்கிறது என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும். இடது கை முன்பிடியில், வலது கை பின்பிடியில். இடதுகைக்காரருக்கும் இதேதான், மாற்றிப் பிடிக்கக்கூடாது. இடது கைக் கட்டைவிரல் பிடியைச் சுற்றி அடியில் போகவேண்டும். மற்ற விரல்களோடு மேலே வைத்துப் பிடித்தால், எகிறும்போது மெஷின் கையைவிட்டுப் போய்விடும். பார் போகிற நேர்க்கோட்டில் தலையோ கழுத்தோ வேண்டாம், உடம்பைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்கி நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். ஏணிமேல் ஏறி அறுக்கிறேன் என்று சொல்கிறவருக்கு நான் மெஷினே தருவதில்லை. அவர் அடுத்த கடைக்குப் போய் வாங்கிக்கொள்வார், தெரியும். என் மெஷினாக இருக்கவேண்டாம், அவ்வளவுதான்.

ஸ்டார்ட் செய்வதிலும் ஒரு கெட்ட பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு மறுகையால் கயிற்றைச் சுண்டுவது. பார்க்க ஸ்டைலாக இருக்கும். மெஷினைத் தரையில் வையுங்கள். பிரேக்கைப் போடுங்கள். வலது கால் முனையைப் பின்பிடிக்குள் விட்டு மிதித்து, இடது கையால் முன்பிடியை அழுத்தி, அப்புறம் கயிற்றை இழுங்கள். இரண்டு அடிக்கு மேல் நடப்பதாக இருந்தாலும் பிரேக் விழவேண்டும். கொஞ்சம் தூரம் என்றால் ஆஃப் செய்து, பாருக்கு உறை மாட்டி, நுனி பின்பக்கம் பார்க்கத் தூக்கிப் போங்கள்.

இனி செயின். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் நான் இதைப் பற்றித்தான் பேசுவேன். கூரான செயின் ஆபத்து, மழுங்கினது பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. கூர் இருந்தால் மெஷின் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும், நீங்கள் வழிகாட்டினால் போதும். மழுங்கினால் நீங்கள் அழுத்துவீர்கள். முழு உடம்பையும் அதன்மேல் சாய்ப்பீர்கள். கட்டை அறுந்து முடிகிற நொடியில் மெஷின் சர்ரென்று கீழே போகும், கூடவே நீங்களும் போவீர்கள். கீழே உங்கள் முழங்கால் இருக்கும்.

கூர் இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி, கொட்டுவதைப் பாருங்கள். துருவிய தேங்காய் மாதிரி சீவல் சீவலாக விழுந்தால் நல்ல கூர். மாவு மாதிரி தூள் விழுந்தால் நிறுத்திவிட்டு அரம் போடுங்கள். புளியமரம் அறுக்கப் போகிறீர்கள் என்றால் அரத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கறிக்கடையில் வெட்டுக் கட்டையாகப் போடுவது புளியை என்றால் அதன் வைரம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதிலும் ரோட்டோரப் புளியில் விளம்பரத் தகடு அடித்த ஆணி, கம்பி, என்னவெல்லாமோ பட்டைக்குள் புதைந்திருக்கும்.

அரம் போடுவது இப்படி. செயினில் பல்லுக்கேற்ற உருட்டு அரம் வேண்டும். நம் பக்கம் ஓடுகிற 58 சி.சி. மெஷின்களில் பெரும்பாலும் 4.8 மி.மீ. அரம், சின்ன மெஷினின் சன்னமான செயினுக்கு 4 மி.மீ. எது என்று செயின் டப்பாவில் போட்டிருக்கும். பாரை ஒரு கட்டையில் இறுக்கி வையுங்கள், பிரேக்கைப் போடுங்கள். பல்லின் தலையில் சாய்வாக ஒரு கோடு இருக்கும், அதற்கு இணையாக அரத்தை வையுங்கள். பல செயின்களில் அது 30 டிகிரி. உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. இந்தப் பக்கம் கூடவும் அந்தப் பக்கம் குறையவும் போட்டால் அறுப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எல்லாப் பல்லும் ஒரே நீளம் இருக்கவேண்டும், இருப்பதில் குட்டையான பல்தான் அளவு.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மூக்கு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று சொல்வது அந்த மூக்கு. பல்லைவிட அது சுமார் 0.65 மி.மீ. தாழ இருந்தால் போதும். சில கில்லாடிகள் வேகமாக அறுக்கும் என்று மூக்கை ராவி எடுத்துவிடுகிறார்கள். அறுக்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பல்லும் அளவுக்கு மீறிக் கடிக்கும், மெஷின் முரட்டு மாடு மாதிரி இழுக்கும், நுனி முட்டினால் எகிறுவதும் இரண்டு மடங்காகத் தெரியும். அப்படி மூக்கறுத்த செயினைக் கொண்டுவந்தால் நான் கத்தரித்துப் போட்டுவிடுவேன், சண்டை போட்டாலும் சரி.

தொய்வு பார்க்க, செயின் ஆறியிருக்கும்போது பாரின் நடுவில் பிடித்து மேலே இழுங்கள். கொஞ்சம் எழும்பி, விட்டதும் டக்கென்று உட்காரவேண்டும். பாருக்கு அடியில் தொங்கக்கூடாது, கையால் இழுத்தால் ஓடாமல் சிக்கவும் கூடாது. புதுச் செயின் முதல் அரைமணியில் நீளும், திரும்ப இறுக்குங்கள். செயின் ஆயில் வருகிறதா என்று பார்க்க, நுனியை ஒரு காய்ந்த கட்டைக்கு மேல் தொடாமல் காட்டி ஆக்சிலேட்டர் கொடுங்கள். கட்டைமேல் எண்ணெய்க் கோடு விழும். வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இருக்கிற இரும்புப் பொடி பாரையும் பம்பையும் தின்றுவிடும், உங்கள் கையும் நாளெல்லாம் அதில்தான் ஊறும்.

பெட்ரோலில் டூ டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில், கலந்துதான் ஊற்றவேண்டும். அந்தக் கலவையில் மெஷின் புத்தகம் சொல்வதுதான் சட்டம். நல்ல டூ டி ஆயிலுக்கு 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கேனில் கலந்து குலுக்கி, அப்புறம் டேங்க்கில் ஊற்றுங்கள். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் கலவை வேண்டவே வேண்டாம். வெயிலில் தாகத்தோடு வருகிற ஆள் எந்தப் பாட்டில் என்று பார்ப்பதில்லை. பெட்ரோல் ஊற்றும்போது மெஷின் ஆறியிருக்கட்டும், பீடி அணைந்திருக்கட்டும். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். சித்திரையில் நம் ஊர்ப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சித்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. கோடை மழையோடு சூறைக்காற்று அடித்த மறுநாள் என் கடை வாசலில் கூட்டம் நிற்கும். போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்துத் தோப்புகளில் காயோடு மாமரம் விழுந்து கிடக்கும். விழுந்த மரம்தானே, இனி எங்கே விழப்போகிறது என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாரூர் ஏரிப் பக்கம் ஒரு தோப்பு. வேரோடு சாய்ந்த மரம். வேரும் மண்ணும் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழுந்து நிற்க, அதன் அடியில் குழி. குளுமையாக இருக்கிறதே என்று களியும் கீரைக் குழம்பும் இருந்த தூக்குவாளியை அந்தக் குழிக்குள் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அடியிலிருந்து மூன்றடி விட்டு அறுத்தேன். கடைசி இரண்டு அங்குலம் இருக்கும்போது மடாரென்று ஒரு சத்தம். மரத்தின் பாரம்தான் அந்த வேரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பாரம் அறுந்ததும் வேர்ச் சுவர் கதவு சாத்துகிற மாதிரி திரும்பக் குழிக்குள் விழுந்தது. மூன்றடி அடிமரம், ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நின்றது. தூக்குவாளி அதற்குக் கீழே. கால்மணி நேரம் முன்புதான் தோப்புக்காரரின் பேரன் அந்தக் குழியில் உட்கார்ந்து மண்புழு பொறுக்கிக்கொண்டிருந்தான். பாட்டி கூப்பிட்டதால் எழுந்து போனான். அன்று மதியம் அவர்கள் வீட்டிலேயே இலை போட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேரோடு சாய்ந்த மரத்தில் குழிக்குள்ளும் வேருக்குப் பின்னாலும் ஈ காக்கை இருக்கக்கூடாது. முடிந்தால் வேர்ப் பக்கத்தை வடக்கயிற்றால் பின்னால் ஒரு மரத்தோடு கட்டிவிடுங்கள்.

கிடக்கிற கட்டையை அறுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு முனையும் தாங்கி நடுவில் அந்தரத்தில் இருந்தால், மேல்பக்கம் நெருக்கும், அடிப்பக்கம் விரியப் பார்க்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியை அடியிலிருந்து மேலே அறுங்கள். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் பாரைக் கவ்விக்கொள்ளும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள், முதலில் அடியில், அப்புறம் மேலே. சரிவான நிலத்தில் எப்போதும் மேட்டுப்பக்கம் நில்லுங்கள். வளைந்து அழுந்திக் கிடக்கிற கிளையை எதிரே நின்று ஒரே வெட்டாக வெட்டினால் கன்னத்தில் அறையும், சும்மா இல்லை, பல் போகும்.

நிற்கிற மரத்தை முதல் நாளே சாய்க்கப் போகாதீர்கள். ஒரு மாதம் கிடக்கிற கட்டையில் பழகுங்கள். பழகினவர் பக்கத்தில் நின்று இரண்டு மரம் பார்த்துவிட்டு மூன்றாவதில் கை வையுங்கள். முறையைச் சொல்கிறேன், ஆனால் படித்து வருகிற வேலை இல்லை இது.

முதலில் மெஷினைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வாருங்கள். எந்தப் பக்கம் சாய்வு, எந்தப் பக்கம் கிளைப் பாரம், காற்று எங்கிருந்து. அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கிளை மாட்டிக்கொண்டு நிற்கிறதா, தேன்கூடு, குளவி இருக்கிறதா. கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டுங்கள், தவில் மாதிரி சத்தம் வந்தால் உள்ளே பொந்து. பொந்து மரமும், ஒரே பக்கம் பலமாகச் சாய்ந்த மரமும் பழகினவருக்கே தண்ணி காட்டும். கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் ஈ.பி. ஆபீசில் எழுதிக்கொடுத்து, லைன்மேன் வந்து லைனை நிறுத்திய பிறகுதான் வேலை. பெரிய லைனில் கிளை தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே தாவும். ரோட்டோர மரம் உங்கள் மரம் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆட்கள் விலகவேண்டும். அறுபதடித் தென்னை என்றால் நூற்றிருபது அடி. விழும் திசைக்கு எதிரே, பின்பக்கமாகக் குறுக்கே ஓட ஒரு வழியை முள், கல் இல்லாமல் முன்பே சுத்தம் செய்துவையுங்கள். நேர்ப் பின்னால் ஓடாதீர்கள், அடிமரம் சில சமயம் பின்னால் உதைக்கும்.

விழவேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து ஒரு வாய் திறக்கவேண்டும். குறுக்களவில் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று ஆழம். இரண்டடி மரத்துக்கு ஐந்து, ஆறு அங்குலம். அப்புறம் பின்பக்கம் வந்து, வாயின் அடிமட்டத்துக்கு ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் மேலே நேராக அறுத்துக்கொண்டு போங்கள். இரண்டும் சந்திக்கக்கூடாது. நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, இரண்டடி மரத்தில் இரண்டரை அங்குலம் போல, அறுக்காமல் விடவேண்டும். எங்கள் கூட்டத்தில் அதைப் பிடி என்போம். கதவுக்குக் கீல் மாதிரி, மரத்தை மெல்ல வழிநடத்திப் படுக்கவைப்பது அந்தப் பிடிதான். அவசரப்பட்டுப் பிடியையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். பின் அறுப்பு கொஞ்சம் உள்ளே போனதும் ஆப்பு அடித்துவிடுங்கள், பின்னால் உட்காராது. மர ஆப்பு, பிளாஸ்டிக் ஆப்பு சரி. இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் தெறிக்கும். மரம் முனகி அசைய ஆரம்பித்ததும் மெஷினை எடுத்துக்கொண்டு, வரவில்லை என்றால் விட்டுவிட்டு, போய்விடுங்கள். மெஷின் போனால் போகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

தென்னைக்கு இந்தப் பிடியை முழுசாக நம்பாதீர்கள். அதற்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. நான் கயிறு கட்டாமல் தென்னை சாய்த்ததில்லை.

உடுப்பைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்கள். லுங்கி, ரப்பர் செருப்பு, கழுத்தில் துண்டு, இதுதான் நம் யூனிபார்ம். துண்டின் ஒரு நூல் போதும், செயின் மீதியை இழுத்துக்கொள்ளும். பேன்ட், உள்ளே செருகிய சட்டை, மூடிய ஷூ, கண்ணாடி, காது மூடி, இவ்வளவாவது வேண்டும். செயின் சாவுக்கென்றே கால்சட்டை வருகிறது. செயின் பட்டால் உள்ளே இருக்கிற நீள நூல்கள் வெளியே வந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்தும். விலை அதிகம்தான். தினம் இதே தொழில் என்றால் வாங்கிவிடுங்கள். காது மூடியைச் சும்மா சொல்லவில்லை. இந்த மெஷின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும், 85-க்கு மேலேயே காது கெட ஆரம்பிக்கும். என் வீட்டுக்காரி கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் எனக்குக் கேட்கிறது. மார்கழிக் குளிரில் என் வலது கை விரல் இரண்டு வெளுத்து மரத்துப்போகும், அது இத்தனை வருஷ அதிர்வு கொடுத்தது. அரைமணிக்கு ஒருதரம் நிறுத்தி, கையைச் சூடுபண்ணிக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரத் தோட்டம் என்றால் காது மூடியிருக்கிற உங்களுக்கு யானை வருவது தெரியாது, பார்க்க ஒரு ஆள் வேண்டும். குடித்த ஆளை மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

கிரைண்டர் எடுப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. மரம் அறுக்கிற பல் பிளேடை அதில் மாட்டாதீர்கள். டிஸ்க்கை மூடியிருக்கிற காவல் தகட்டைக் கழற்றிப் பெரிய டிஸ்க் போடாதீர்கள். ஏழு இஞ்ச் டிஸ்க்கில் 8500 சுற்று என்று போட்டிருக்கும், நாலு இஞ்ச் மெஷின் 11000-க்கு மேல் சுற்றும். ஓட்டைக்குள் புஷ் வளையம் வைத்து மாட்டிவிடலாம், ஆனால் வெடிக்கும்போது துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்லமுடியாது. டிஸ்க் நடுவில் இருக்கிற தகட்டு வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் அச்சடித்திருக்கும், பாருங்கள். தீக்குச்சி சொருகி ஒயரை பிளக் ஓட்டையில் மாட்டுகிறவர்களுக்கு என் கடையில் எதுவும் கிடையாது.

வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் மேலே இன்னொன்று. காபித்தூள், மஞ்சள், அடுப்புச் சாம்பல் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், தோப்புக்கு வழிகாட்ட ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் ஊருக்கு வந்து தோப்பைத் தேடிச் சுற்றுவதில்தான் நேரம் போகிறது.

சாயங்காலம் ஆறு மணிக்குள் மெஷினைக் கொண்டுவாருங்கள். இருட்டில் அறுக்கவேண்டாம் என்பதற்காகத்தான் அந்த நேரம். தூளைத் தட்டி, பாருக்கு உறை மாட்டி, டேங்க் மூடியை இறுக்கிக் கொடுங்கள். கூடக் கொடுத்த இரண்டு ஆப்பையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். மெஷின் எப்படியும் திரும்பி வந்துவிடுகிறது, ஆப்பை மட்டும் எல்லோரும் தோப்பிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.